யார் பெயரைப் போட?

சங்கரன்கோவில்

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் போன் சுவிட்ச் ஆப் என்றே வருகிறது. அதனால்தான் கடிதம்.

உங்கள் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் திறக்கவே இல்லை. கம்ப்யூட்டர் கடை இசக்கித்துரை அண்ணாச்சி அதற்குப் பதிலாகப் போட லுபுண்டு, மின்ட் என்று இரண்டு லினக்ஸ் காட்டினார். "இந்தப் பழசுக்கு லுபுண்டு வேகமா ஓடும். புதுசாப் பழகுதவங்களுக்கு மின்ட்டுதாம்மா தோது" என்றார். மின்ட் போடச் சொன்னேன். விண்டோஸ் மாதிரியே மெனு இடது மூலையில் இருக்கிறது. நீங்கள் ஊருக்கு வந்தால் தேட வேண்டியதில்லை.

லேப்டாப்பைத் திறந்ததும் திரையில் வருவதற்கு, "யாரு பேரு போட?" என்றார். உங்கள் பெயரைச் சொன்னேன். கூட வந்த உங்கள் தம்பி நியாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு, "மைனி, உங்க பேரையே போட்டுருங்க" என்றான்.

காலையில் உங்கள் கம்பெனியிலிருந்து அவனிடம்தான் பேசினார்கள். உங்களுக்கு வேலை அதிகமாம் என்கிறான். அவ்வளவுதானே, மச்சான்?

உங்கள் பெயரைத்தான் போட்டிருக்கிறேன். மாற்ற வேண்டுமென்றால் நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்கள்.

துஆவுடன்,
உங்கள் மனைவி