ஒன்பது நாற்பது

பீரோவைக் காலி செய்கையில் உன் கேமராப் பை கிடைத்தது. அன்று என் காரிலேயே தங்கிவிட்ட பை. திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தேன். இன்று சார்ஜ் ஏற்றி, நீ கடைசியாக எடுத்த படங்களைப் பார்த்தேன். கடமலைக்குண்டு விவசாயிகள் கூட்டம். முதல் சில படங்கள் நேராக இருக்கின்றன. ஒன்பது நாற்பதிலிருந்து எல்லாமே இடப்பக்கம் சரிந்திருக்கின்றன.

கேமராவின் கடிகாரத்தை வாரம் தவறாமல் சரிபார்ப்பவன் நீ. "நீங்க எழுதுறது குத்துமதிப்புண்ணே. எங் கேமரா சொல்றதுதான் நேரம்" என்று நாலு பேர் முன்னால் நிருபரான என்னை வாருவாய்.

ஒன்பது நாற்பதுக்குத்தான் சொன்னாய், "இடது கை மரத்துப்போன மாதிரி இருக்குண்ணே." மனு வாங்க வேண்டிய அதிகாரி இன்னும் வந்திருக்கவில்லை. வெயில்தான், அவர் மனு வாங்குவதை ஒரு படம் எடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்றேன். நீ மறுபடி கேமராவைத் தூக்கினாய். அவர் வந்து மனு வாங்கியபோது மணி ஒன்றரை. அந்தப் படத்தை எடுத்துவிட்டுத் திரும்பினாய். உன் வாய் கோணியிருந்தது.

தேனியில் ஆஸ்பத்திரி சேர்ந்ததும் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் என்னிடம் வந்தார். "ரத்தக்கசிவு இல்ல, அடைப்புதான். நாலரை மணி நேரத்துக்குள்ளன்னா கரைக்க ஊசி போடலாம். பிந்திப் போட்டா மூளைல ரத்தம் கசியலாம். எப்ப ஆரம்பிச்சது?"

அப்போது மணி இரண்டே முக்கால். யாரைப் பார்த்தாலும் முதலில் நேரத்தைக் கேட்பது என் தொழில். அந்த இடத்தில், உன்னைக் காக்க வைத்ததைச் சொல்லக் கூசி, "ஒன்றரைக்கு" என்றேன். உன்னால் பேச முடியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஊசி போட்டார்கள். சாயங்காலம் இன்னொரு ஸ்கேன். படத்தின் ஒரு பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது. ரத்தம் என்றார் டாக்டர். நேரத்துக்குப் போட்டாலும் சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்று என் தோளைத் தொட்டார். அந்த வார்த்தைக்குள் இத்தனை வருடம் ஒளிந்திருந்தேன்.

நீ போன பிறகு உன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் உன் மனைவி வந்தவர்களிடம் சொல்வார், "அண்ணன் ஒரு நிமிசம் தாமசிக்காம தூக்கிட்டு வந்தாக. எங்க நேரம், அவ்வளவுதான்." நான் தலை குனிந்து காபியைக் குடிப்பேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

சரிந்த அந்த முதல் படத்தைப் பிரிண்ட் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். மூலையில் நேரம் தெளிவாக விழுந்திருக்கிறது. நாளைக் காலை உன் வீட்டுக்குப் போகிறேன். அவர் காபி போட எழுந்திருப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.