விழுங்காத மாத்திரைகளுக்கும் மிஸ்டு கால்

தாத்தா,

உங்கள் போனுக்கு இன்று மாலையும் குறுஞ்செய்தி வந்தது: 'இன்றைய மாத்திரையைச் சாப்பிட்டீர்களா?' நீங்கள் போய் ஒன்பது நாளாகிறது. திருப்பூரிலிருந்து வந்த உங்கள் மகன், "இந்தப் பட்டன் போன் எனக்கெதுக்குங்க, பாப்பா வச்சுக்கட்டும்" என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா தூங்கிய பிறகு, போர்வைக்குள் அதன் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டில் நீங்கள் தனியாக இருந்தீர்கள். தொண்டாமுத்தூர்த் தோட்டங்களில் காவலிருந்து யானை விரட்டிய குரல் உங்களுடையது. காசநோய் வந்தபின் ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு முறை இருமினீர்கள். ஆஸ்பத்திரி நர்சக்கா கொண்டுவந்து தரும் அட்டையில் மாத்திரையைப் பிதுக்கினால் ஒரு நம்பர் தெரியும். விழுங்கிவிட்டு உங்கள் போனிலிருந்து அதற்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும்; அன்றைய மாத்திரை சாப்பிட்டாயிற்று என்று ஆஸ்பத்திரியில் பதிவாகிவிடும். உங்களுக்குப் பார்வை மங்கல் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. பள்ளிக்குப் போகும் அவசரத்தில் மாத்திரைகளை உங்கள் உள்ளங்கையில் வைப்பேன், கால் கொடுப்பேன், பஸ்ஸுக்கு ஓடுவேன். நீங்கள் விழுங்குவதைப் பார்க்க நின்றதே இல்லை.

ஒருநாள் பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். மாத்திரைகள் கறிவேப்பிலைச் செடியடியில் கிடந்தன.

"ஏனுங் தாத்தா, துப்பிப்போட்டீங்களா?"

"கத்தாத அம்மணி. அதைத் தின்னா வகுத்துல சோறு நிக்கமாட்டேங்குது. ஆனைக்குப் பயப்படாதவன் இத்தனூண்டு மாத்திரைக்குப் பயந்துக்கறேன், பாரு."

"நர்சக்கா திட்டுவாங்க."

"நீதான் கால் குடுத்துப்போட்டியே, அப்புறம் என்ன?"

இருவரும் சிரித்துவிட்டோம். அன்று மதியம் ரசம் ஊற்றிச் சாப்பிட்டீர்கள். இன்னொரு தட்டு கேட்டு வாங்கினீர்கள். அப்படிச் சாப்பிட்டு வெகு நாளாகியிருந்தது. அதன்பின் வாரத்தில் இரண்டு மூன்று நாள் அப்படியே போயிற்று. மாத்திரை விழுங்கிய நாளில் வாந்தி. துப்பிய நாளில் சோறும் பேச்சும். எது நல்லது என்று எனக்குப் புரியவில்லை. கால் மட்டும் தினமும் கொடுத்தேன். பிறகு உங்கள் கண்கள் மஞ்சளாயின. ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பவில்லை.

நேற்று நர்சக்கா வந்தார். "ஒரு நாள்கூட விடாம கால் வந்திருக்கு கண்ணு. நீ நல்லாத்தான் பாத்துக்கிட்ட. வயசானவங்களுக்குச் சில சமயம் மாத்திரை ஒத்துக்காம ஈரலைப் பாதிச்சுடும்" என்றார்.

அப்படியானால் நீங்கள் துப்பிய நாட்கள் உங்களைக் காப்பாற்றினவா? இல்லை, அந்த நாட்களில்தான் நோய் உள்ளே வளர்ந்ததா? முதல் வாந்தியன்றே நான் சொல்லியிருந்தால் டாக்டர் மருந்தை மாற்றியிருப்பாரா? திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். மனம் ஒரு பக்கமும் நிற்கவில்லை. யாரிடமாவது கேட்கலாமென்றால், நான் செய்தது தெரிந்துவிடும்.

அடுத்த வீதியில் ஒரு வயதான ஆத்தாவுக்கும் இதே நோயாம். "அவங்களுக்கும் நீயே கால் குடுத்துடு" என்றார் நர்சக்கா. அம்மா பெருமையாகத் தலையாட்டினாள். நாளைக் காலை நர்சக்கா அந்த ஆத்தாவின் அட்டையோடு வருகிறார்.

தாத்தா, எனக்குப் பயமாக இருக்கிறது. போலீஸுக்குச் சொல்வார்களா, உங்கள் மகன் வந்து திட்டுவாரா, தெரியவில்லை. ஆனாலும் அந்த ஆத்தாவின் கையில் முதல் மாத்திரையை வைப்பதற்கு முன் நர்சக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். "ஏங்கண்ணு அப்பவே சொல்லல?" என்று கேட்பார். நீங்கள் இரண்டாவது தட்டுச் சோறு கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.