ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்த வீடு

7-2-1954, ஞாயிறு

இதில் எழுதுவதற்கு யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. கப்பல் ஏஜெண்டு ஒருவர் வருஷப் பிறப்புக்கு அப்பாவிடம் கொடுத்த டைரி. ஒரு மாதமாகச் சும்மா கிடந்தது, எடுத்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக பி.ஏ. முடித்தவள் நான். ஆனால் நாலு பேர் முன்னால் வாய் வராது. கையாவது வருகிறதா, பார்ப்போம்.

இன்றும் கோயில் ஆராதனை முடிந்து, வாங்கப் போகிற திருவொற்றியூர் வீட்டைப் பார்க்கப் போனோம். ராயபுரத்தில் அப்பாவின் கருப்பட்டி மண்டிக்கு ஞாயிறுதான் விடுமுறை. உடைத்து நாக்கில் வைத்துப் பார்க்காமல் ஒரு சிப்பம் கருப்பட்டி வாங்காதவர். வீட்டையும் அப்படித்தான் பார்த்தார். சுவரைத் தட்டினார், கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார், கதவுகளைத் திறந்து மூடினார். வீட்டுக்காரர் ரகுபதி, ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர், எங்கும் புதிதாக வெள்ளையடித்து வைத்திருக்கிறார். பின்னறை எனக்காம். "அது நீ இருந்து படிக்கதுக்கு" என்றார் அப்பா. அந்த ஜன்னலில் கடல் ஒரு கோடாகத் தெரிகிறது. மண்டிக்குப் பின்னால் மூட்டைகளோடு வளர்ந்த எனக்கு ஓர் அறை!

பத்தொன்பதாம் தேதி பத்திரம். அச்சாரமாகப் போனது அம்மாவின் காதுப் பாம்படம். வளர்ந்து தொங்கும் வெறும் காதுகளை முந்தானையால் மூடிக்கொண்டுதான் இப்போது கோயிலுக்கு வருகிறாள்.

9-2-1954, செவ்வாய்

சாவி வாங்கிக்கொண்டு அம்மாவும் நானும் போனோம். சமையலறைப் பலகையில் எந்தப் பானை எங்கே என்று அம்மாவுக்கு இப்போதே முடிவாக வேண்டும். எனக்குத் தாகம். தம்ளரில் தண்ணீர் மொண்டு பின்னறை ஜன்னலில் வைத்தேன். தண்ணீரில் ஒரு வட்டம். அடங்கியது. மறுபடி வட்டம்.

நான் தொடவில்லை. காற்றும் இல்லை. ரயிலோ?

10-2-1954, புதன்

ரயில் என்றால் வந்து போய்விட வேண்டுமே. இது ஏன் விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கிறது?

12-2-1954, வெள்ளி

அம்மாவை நச்சரித்து மறுபடி அழைத்துப் போனேன். அறைக்கு ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தேன்.

"ஏட்டி, பேய் ஓட்டுதியா?" என்று அம்மா சிரித்தாள்.

கூடத்தில் தண்ணீர் அசையவில்லை. சமையலறையிலும் இல்லை. பின்னறையில் மட்டும் வட்டம். அந்தப் பக்கம் முழுக்கப் பட்டறைச் சத்தம், எது எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை. அறை வீட்டோடு சேரும் மூலையில் சுவரில் அடித்த வெள்ளை மயிரிழைக் கோடாக உதிர்ந்திருந்தது. கொண்டை ஊசியை வைத்து அழுத்தினேன். முழுசும் உள்ளே போய்விட்டது.

அம்மாவின் சிரிப்பு நின்றது. கை தானாகக் காதுக்குப் போனது. "ஒங்கப்பாகிட்ட நீயே சொல்லுட்டி. நான் சொன்னா, நகை போன வயித்தெரிச்சல்ல சொல்லுதேன்னு நெனப்பாவ."

வாங்கினால் பிளந்த வீடு. வேண்டாமென்றால் அச்சாரம் திரும்பாது, பாம்படம் போனது போனதுதான். இதை நான் எந்த வாயால் சொல்வது? அதுவும் என் அறையாகப் பார்த்தா இப்படி?

14-2-1954, ஞாயிறு

சொல்ல வராவிட்டால் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். கோயில் முடிந்து போனதும் பின்னறை ஜன்னலில் தம்ளரை வைத்து, "அப்பா, இதைப் பாருங்க" என்றேன்.

தண்ணீர் கண்ணாடி போல நின்றது. ஒரு வட்டம், ஒரே ஒரு வட்டம் வரக்கூடாதா!

அப்பா பொறுமையாகப் பார்த்தார். "தூசி கெடக்கோ?" என்றார். பிறகு எடுத்துக் குடித்துவிட்டார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

பக்கத்து வீட்டுச் சொக்கம்மாள் குட்டைச் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். "இன்னா நைனா, நீங்கோ ஞாயித்துக்கெயம தான் வருவீங்களா? வேல நாள்ல வந்து பாரு. பின்னால இரும்புக் கம்பனில சம்மட்டி வுழ வுழ, இந்த ரூமு குலுங்கிக்கினே கீது. கொயந்தயப் போட்டா தூளிய ஆட்டவே வாணாம், தானா ஆடும்!"

கம்பெனிக்கும் ஞாயிறுதான் விடுமுறை. எங்களுக்கும் ஞாயிறுதான். பி.ஏ. படித்தவளுக்கு இது தோன்றவில்லை!

அப்பா சிரிக்கவில்லை. "நாளைக்கு மண்டிய அடைச்சிட்டு வாரேன்" என்றார்.

15-2-1954, திங்கள்

எனக்கு நினைவு தெரிந்து வேலை நாளில் மண்டியை அடைத்தது இன்றுதான். ரகுபதியையும் வரச் சொல்லியிருந்தார். நான் தம்ளரை வைத்தேன். வட்டம் வந்தது. தராசு முள்ளைப் பார்ப்பது போல அப்பா குனிந்து பார்த்தார்.

ரகுபதி முந்திக்கொண்டார். "நான் வர வேணாம்னா சொன்னேன்? ஞாயித்துக்கிழமைதான் ஒழியும்னு நீங்கதானே சொன்னீங்க முதலாளி?"

அது உண்மைதானே.

எனக்கோ ஒரே கேள்வி. ஏன் இந்த ஓர் அறை மட்டும்? கொல்லைப்புறமாகச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். பின்னறைக்கு மூன்று சுவர்தான்! நாலாவது சுவர் கம்பெனியின் மதில். உத்திரங்களை அதற்குள் செருகியிருக்கிறார்கள். சம்மட்டி மதிலை உலுக்குகிறது, மதில் அறையை உலுக்குகிறது, அறை வீட்டைப் பிடித்து இழுக்கிறது. ஓடி வந்து சொன்னேன். ரகுபதியின் முன்னாலேயே, மூச்சு வாங்க, நானே சொன்னேன்!

அப்பா நிமிர்ந்தார். "அடுத்தவன் மதில்லயா உத்திரம் வச்சிருக்கீரு? நாளைக்கு அவன் எடுன்னு சொன்னா நான் எங்க வே போவேன்?"

"புடிக்கலைன்னா வேற வீடு பாத்துக்குங்க. அச்சாரம் மட்டும் திரும்பாது."

"பாத்துக்கிடுதேன். அடுத்து வாரவன எந்தக் கெழமை கூட்டிட்டு வருவீரு?"

குட்டைச் சுவருக்கு அப்பால் சொக்கம்மாள் சிரித்துவிட்டாள். ரகுபதி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

16-2-1954, செவ்வாய்

முடிந்தது. ரகுபதி இறங்கி வந்துவிட்டார். பின்னறையைக் கணக்கில் சேர்க்காமல் விலை. "சிப்பத்துல உடைஞ்சதக் கழிச்சுத்தான துட்டு" என்கிறார் அப்பா. பத்திரம் ஆனதும் அந்த அறையை இடித்துவிடுவது. வீடு தன் சுவர்களில் தானே நிற்கும்.

கடல் தெரிந்த ஜன்னலும் போகும். நானே கண்டுபிடித்தேன், நானே இடிக்கவும் வைத்தேன். வருத்தமா? கொஞ்சம். ஆனால் மதிலுக்குள் அந்த உத்திரத்தைப் பார்த்த நிமிஷத்தில் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! அது என்ன சந்தோஷம்?

19-2-1954, வெள்ளி

ரிஜிஸ்தர் ஆபீசில் சேவகன், "செல்லக்கனி அம்மாள்!" என்று கூப்பிட்டான். வேறு யாரையோ என்று அம்மா பேசாமல் உட்கார்ந்திருந்தாள். மறுபடி கூப்பிட்டான். முந்தானையைக் காதிலிருந்து விலக்கிக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனாள். திரும்பி வரும்போதும் முந்தானையைப் போர்த்திக்கொள்ளவில்லை.

புதன்கிழமை நடந்தது இன்றுதான் எழுத வருகிறது. அன்று பத்திரம் எழுதுபவரிடம் நாங்கள் மூவரும் போனோம். வழியெல்லாம் அப்பா, "ஒனக்கு என்ன வேணும், சொல்லு பிள்ள. பொறவு மாடியில ஒரு ரூம் எடுத்துத் தரட்டா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் வாயே திறக்கவில்லை. மாடி அறை வேண்டாமென்று இல்லை. அதைக் கேட்டுவிட்டால் இன்னொன்றைக் கேட்க வராது என்று பயம்.

பத்திரம் எழுதுபவர் மையைத் தொட்டுக்கொண்டு, "வாங்குறவங்க பேரு?" என்றார். அப்பா தொண்டையைக் கனைத்தார். சுற்றிலும் ஆட்கள். அம்மா ஒரு ஓரமாக, காதை மூடிக்கொண்டு நின்றாள். என் குரல்தான், எனக்கே கேட்டது—

"அப்பா, அம்மா பேர்ல எழுதச் சொல்லுங்க."