முள்ளில்லாத் தூதுவளை என்ற பலகையை அகற்றக் கோரி

அனுப்புநர்
சு. கொளஞ்சியப்பன்,
ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர்,
வேம்படி நகர், சிதம்பரம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கடலூர்.

பொருள்: பூங்காவில் தூதுவளை என்று பெயர் எழுதி வளர்க்கப்படும் நச்சுக்கொடியை அகற்றவும், என் மனைவி மீது விழுந்த பழியைத் துடைக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் நகர்ப் பூங்காவின் கம்பி வேலியில் ஒரு கொடி படர்ந்துள்ளது. ஊதாப் பூ, கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பழம். அதன் கீழே, "முள்ளில்லாத் தூதுவளை. சளி, இருமல் தீரும்" என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

2. காலமெல்லாம் பஸ்ஸில் கத்திய தொண்டை. மழைக்காலத்தில் எனக்கு இருமல் ஜாஸ்தி. சென்ற ஐப்பசியில் என் மனைவி ஞானாம்பாள் அந்த இலையையும் பழத்தையும் பறித்து வந்து துவையல் அரைத்தாள். கையில் முள் குத்தாத தூதுவளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சந்தோஷப்பட்டாள். நான் சாப்பிட்டேன். அன்று கிருத்திகை, அவள் விரதமாகையால் தொடவில்லை.

3. வாந்தி, வயிற்றுப்போக்கு, பிறகு மயக்கம். மருத்துவமனையில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு அவள் தூதுவளை என்றாள். தூதுவளை தின்று யாருக்கய்யா மயக்கம் வந்தது? ஒருவரும் நம்பவில்லை. புவனகிரியிலிருந்து வந்த என் அக்கா அமிர்தம், வார்டில் அத்தனை பேர் முன்னிலையில், "என் தம்பிக்கு என்னாத்தடி கலந்து குடுத்த? நீ மட்டும் ஏன் சாப்புடல?" என்று கேட்டுவிட்டார். நான் வாய் திறக்கும் நிலையில் இல்லை.

4. பிழைத்து வந்தபின், கல்லூரித் தாவரவியல் ஆசிரியர் ஒருவரை அழைத்து வந்து கொடியைக் காட்டினேன். தூதுவளைக்குச் சொந்தம்தான், ஆனால் இது அழகுக்காக வளர்க்கும் வெளிநாட்டுக் கொடி, இதன் பழம் நஞ்சு என்றார். அக்காவிடம் சொன்னேன். "பொண்டாட்டிய காப்பாத்தப் பாக்குற, போடா" என்றார்.

5. ஏற்கெனவே இரண்டு மனு கொடுத்துவிட்டேன். பலன், பலகைக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பெயர் அதேதான். கோபப்படவும் தெம்பில்லை ஐயா. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அந்தப் பழத்தைப் பறித்து விளையாடுகிறார்கள்; நான் போய் விரட்டினால் என்னைப் பைத்தியம் என்கிறார்கள்.

6. ஆகவே கொடியை வேரோடு எடுத்து, பலகையைக் கழற்றி, அது தூதுவளை அல்ல, நஞ்சு என்று முத்திரையிட்டு ஒரு வரி எழுதித் தர வேண்டுகிறேன். அக்கா முத்திரை இருந்தால்தான் நம்புவார். என் மனைவி இதைக் கேட்கவில்லை. அவள் இப்போது எதுவுமே கேட்பதில்லை. எனக்குச் சோறு போட்டால், என் தட்டிலிருந்து முதல் வாயை எடுத்துத் தான் தின்று, சற்று நேரம் பொறுத்திருந்து, அதன்பிறகுதான் தட்டை என் பக்கம் தள்ளுகிறாள்.

நான்காவது மனு எழுத வைக்காதீர்கள் என்ற பணிவான வேண்டுதலுடன்,

இடம்: சிதம்பரம்
நாள்: 12.02.2025

(ஒப்பம்)
சு. கொளஞ்சியப்பன்