மூன்றாம் சுற்றோடு நின்ற மெட்டு

மச்சான், சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்கும்போதெல்லாம் அந்தப் புஸ் சத்தத்தில் உன் துருத்தி கேட்கிறது. நீ மௌத்தாகி, உன்னை அடக்கி நாலு மாதம். எனக்குச் சைக்கிள் கடையில் இருப்புக் கொள்ளவில்லை.

இங்கிலாந்தின் வடக்கே ஹோட்டல் குசினியில் சமைத்து உழைத்துவிட்டு, வாயால் ஊதாத குழலொன்றோடு கல்முனைக்குத் திரும்பினாய். ஒரு கக்கத்தில் துருத்தி, மறு கக்கத்தில் தோற்பை; துருத்தி பையை நிரப்ப, பை குழலை ஊதும். நோர்தம்பர்லாந்தில் செம்மறி மேய்த்த கிழவர் ஒருவர் பழக்கியது. நம் வெயிலில் துருத்தித் தோல் வெடித்தபோது லொறி டியூபை வெட்டி ஒட்டியவன் நான். "இனி இதுல பாதி என்ட சாமான்" என்றேன்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரையில் தோணி நிழலில் இருந்து வாசிப்பாய். "துளையில இருந்து ஒரு விரலத்தான் எழுப்பணும். அத மூடாம மத்தது எழும்பப்படாது" என்பாய். அதனால் ஓசைகள் ஒட்டாமல் தனித்தனியாக விழும்.

"குசினியில நிண்டவன்தானே, டக்டக்கெண்டு கொத்துரொட்டி கொத்துறாய்" என்பேன்.

"கேளுடா. அங்க ஒரு மெட்டு வந்தா, ஆர்ர கையால வந்த எண்டுதான் முதல்ல கேப்பாங்க."

பிறகு நீயே ஒரு மெட்டுக் கட்டினாய். நாலு சுற்று, சுற்றுக்குச் சுற்று விரல் ஓட்டம் கூடும். நான் கூடவே சீட்டியடித்துப் பழித்துக் காட்டுவேன். மூன்றாம் சுற்று முடிந்ததும், "கடையப் பாக்கணும்" என்று சிரித்துக்கொண்டு எழும்பிவிடுவேன். ஒவ்வொரு நாளும் அப்படித்தான்.

போன கிழமை உன் மகள் போனோடு வந்தாள். "மாமா, வாப்பாக்குப் பழக்கின கிழவர் கேக்காரு, வாப்பா கட்டின மெட்டு ஆருக்கும் தெரியுமா எண்டு. அவரு வாசிக்கப் போறாராம்."

நீ எழுதியும் வைக்கவில்லை, பதிந்தும் வைக்கவில்லை. பழித்துக் காட்டிய என் வாய்தான் மிச்சம். போனில் பதியச் சீட்டியடித்தேன்; எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு ஓசைக்கும் நாக்கால் காற்றை அடைத்துப் பழகினேன். மூன்று நாள் பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் எனக்குப் பேய் பிடித்ததென்றே நினைத்தார்கள். மூன்று சுற்றும் சரியாக வந்தன. நாலாவது வரவில்லை. தோணி நிழலில் போய் இருந்தும் பார்த்தேன். அந்த இடம் வந்ததும் கால்கள் தாமாக எழும்புகின்றன.

மூன்றையும் அனுப்பினோம். கிழவர் இரண்டு கேள்வி கேட்டிருந்தார்: யாருடைய கையால் வந்தது, நாலாவது எங்கே.

"கை உங்க வாப்பாட, வாய் என்ட எண்டு எழுது, மகள். நாலாவதுக்கு நான் நிக்கல்ல எண்டும் எழுது."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அப்படியே எழுதினாள்.

இப்போது தோணி நிழலில் சீட்டியடித்து, மூன்றாம் சுற்று முடிந்த பிறகும் எழும்பாமல் இருந்து பார்க்கிறேன், மச்சான்.