தாளுக்கு வெளியே போன புள்ளி

அக்கா,

நேற்று பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு. கணக்குப் பரீட்சைக்கு என்னை மேற்பார்வைக்குப் போட்டிருந்தார்கள். தமிழ் டீச்சருக்கு அங்கே என்ன வேலை? முன்னும் பின்னும் நடக்க வேண்டியதுதான். நடந்துகொண்டிருந்தபோது ஜன்னலோரம் ஒரு பெண் எழுந்து, "மிஸ், இன்னொரு கிராஃப் ஷீட்" என்றாள். தாளைக் கொடுத்துவிட்டு, முதல் தாளை எதற்காகத் தள்ளிவைத்தாள் என்று எட்டிப் பார்த்தேன். பேனா மை கொட்டியிருந்தது, வேறொன்றுமில்லை. ஆனாலும் மணி அடிக்கிறவரை அவள் மேஜையைவிட்டு நான் நகரவில்லை. உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆன காலம் அது. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்துக் கம்பெனி ஒன்று, தான் ஓட்டித் தேய்த்த கம்ப்யூட்டர்களை நம் பள்ளிக்குக் கொடுத்தது. நம் தலைமையாசிரியர் பெரிய சார் அவற்றை ஓர் அறையில் வைத்துப் பூட்டினார். துணி உறை போட்டார். ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு மானிட்டர் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். பிள்ளைகள் வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் பொரி வாங்கிக்கொண்டு போனார்கள். ஏதோ சாமி புறப்பாடு மாதிரி!

அந்த வருஷம்தான் நீ கணக்கு டீச்சராக வந்து சேர்ந்தாய். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து ரயில். வியர்வையைத் துடைத்துக்கொண்டே பெரிய சார் அறைக்குள் போய், சாவியைக் கேட்டாய். "கம்ப்யூட்டருக்குத் தனி பீரியடு போடணும்னா டைம் டேபிள்ல இடமில்லம்மா" என்றார் அவர்.

"தனி பீரியடு யாரு சார் கேட்டது? தனியா வெச்சீங்கன்னா, போர்ஷன் முடியலன்னு மொதல்ல அதைத்தான் புடுங்குவீங்க. என் கணக்கு கிளாஸே அங்க நடக்கட்டும்."

அப்படியே நடத்தினாய். வட்டிக் கணக்கை அட்டவணையில் போட்டார்கள். சராசரியை இயந்திரமும் சொல்லும், பிள்ளைகளும் சொல்வார்கள், இரண்டும் ஒத்துவந்தால் கைதட்டல். என்னையும் விட்டுவைத்தாயா? "கட்டுரையை அதுல அடிக்கச் சொல்லுமா. பத்தியை மேல கீழ மாத்திப் பாக்கட்டும், நோட்டுல அடிச்சி அடிச்சி எழுதிக்கினு இருக்காங்க பாவம்" என்று இழுத்துப்போனாய். தமிழ் டீச்சரான நான் ஒரு பீரியடு முழுக்க 'ழ' எங்கே என்று தேடினேன். வகுப்பே சிரித்தது. நீ எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாய், அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பொங்கல் முடிந்தால் நம் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு விளையாட்டு கிடையாது, ஓவியம் கிடையாது. எல்லாப் பீரியடும் மனப்பாடம், எழுதிப் பார்த்தல், மறுபடி மனப்பாடம். பெரிய சார் கம்ப்யூட்டர் அறையையும் பூட்டச் சொன்னார். நீ ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டாஃப் ரூமில் எல்லார் எதிரிலும் அவர் சொன்னார்: "சரிம்மா. நடத்துங்க. ஆனா கணக்குல ஒரு பிள்ளை ஃபெயிலானாலும் அந்த ரூமை மூடிடுவேன். அப்புறம் யாரும் வந்து கேக்கக் கூடாது."

"மூடிக்கோங்க சார்" என்றாய். நான் மேஜைக்குக் கீழே உன் காலை மிதித்தேன். நீ அசையவே இல்லை. கொழுப்புதான் உனக்கு.

பொதுத்தேர்வில் கணக்குப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வெளியே வந்த மத்தியானம் வெயில் கொளுத்தியது. நாம் இருவரும் வேப்பமரத்தடியில் நின்றோம். எல்லாரும் ஈஸி, ஈஸி என்று கத்திக்கொண்டு வந்தார்கள். கவிதா மட்டும் கடைசியாக வந்தாள். இரும்பு உருக்கும் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர் மகள். அந்த அறையில் அவளை மிஞ்ச ஆளில்லை, மற்ற பிள்ளைகளுக்கு அவள்தான் குட்டி டீச்சர்.

"டீச்சர், புள்ளி தாளுக்கு வெளிய போயிடிச்சி" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. உனக்கு உடனே புரிந்தது. உன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். திரையில் எண்ணைக் கொடுத்தால் போதும், எந்த அளவில் வரைந்தால் படம் உள்ளே அடங்கும் என்பதை இயந்திரமே பார்த்துக்கொள்ளும். தாளில் அதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும், ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை என்று. மற்ற பிள்ளைகள் பழைய கைப்பழக்கத்தில் எப்படியோ தப்பித்துவிட்டார்கள். இவளோ முழுக்கத் திரையிலேயே பழகியவள். புள்ளி வெளியே போக, அழித்து, மறுபடி வரைந்து, இன்னொரு தாள் கேட்டு, அழுது, அதற்குள் நேரம் முடிந்து, தெரிந்த கணக்குகளையும் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"ஒண்ணும் ஆவாது, ஊட்டுக்குப் போ" என்று அவள் தலையைத் தடவினாய். அவள் போனபிறகு என்னிடம், "செத்தேன்மா" என்றாய்.

அதற்கப்புறம் முடிவு வருகிறவரை நீ சரியாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. போன் பண்ணினால், "பாஸாயிடுவா இல்ல?" என்று ஆரம்பிப்பாய். எனக்கென்ன தெரியும்? ஆயிடுவா, ஆயிடுவா என்பேன். சில நாள் உன்மேல் எரிச்சலாகக்கூட வந்தது.

முடிவு வந்த அன்று ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில் மூச்சுவிட இடமில்லை. ஊரே அங்கேதான் நின்றது. நாம் ஒரு கம்ப்யூட்டரைப் பிடித்து, நம் பிள்ளைகளின் எண்களை ஒவ்வொன்றாக அடித்தோம். பாஸ், பாஸ், பாஸ். கவிதாவின் எண்ணைக் கடைசிக்கு ஒதுக்கியிருந்தாய். அடிக்கும்போது கம்பெனிப் பக்கம் உலை போட்டார்களோ என்னவோ, வோல்டேஜ் இறங்கித் திரை சுருங்கி அணைந்தது. வாசல்வரை நின்ற கூட்டம் ஓவென்று கத்தியது. நீ நாற்காலியை விட்டு எழவில்லை. கரண்ட் வந்து, பக்கம் திறந்து, ஒவ்வொரு வரியாக இறங்கியது. தமிழ் பாஸ். ஆங்கிலம் பாஸ். கணக்கில் மட்டும் கொஞ்சத்தில் போயிருந்தது.

மறுநாள் பெரிய சார் அறையில் கவிதாவின் அப்பா நின்றுகொண்டிருந்தார். ஷிஃப்ட் முடித்து நேராக வந்தவர், சட்டையெல்லாம் கரி. "டி.சி. குடுங்க சார். பேக்கிங் வேலைக்கு ஆள் எடுக்கிறாங்க, சேத்து உட்டுர்றேன். இன்னா மேடம், கணக்கு சொல்லிக் குடுங்கன்னு அனுப்பினா பொட்டில படம் காட்டிக்கினு இருந்தீங்களாமே?" கவிதா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். பெரிய சார் அவளைப் பார்த்து, "கவனமா எழுதியிருந்தா இந்தப் பேஜாரு உண்டா?" என்றார்.

நீ குறுக்கே வந்தாய். "அவளை ஒண்ணும் சொல்லாதீங்க சார். அவ தப்பில்ல. நான் சொல்லிக் குடுத்ததுல ஓட்டை."

ஒரு டீச்சர் இப்படிச் சொல்லி அதற்குமுன் நாங்கள் யாரும் கேட்டதில்லை, அக்கா. பிள்ளை பாஸானால் நாம் நடத்தினோம், ஃபெயிலானால் அவன் படிக்கவில்லை, இதுதானே நம் ஸ்டாஃப் ரூம் பாஷை? நீ அவள் அப்பா பக்கம் திரும்பினாய். "அண்ணா, உடனடித் தேர்வு வருது. அதுவரைக்கும் எனக்குக் குடுங்க. அதுலயும் போச்சுன்னா நானே ரிசைன் பண்ணிட்டுப் போயிடறேன். சார், அப்போ ரூமை மூடிக்கோங்க. அதுவரைக்கும் சாவி எனக்கு வேணும்."

அவர் மகளைப் பார்த்தார். "இன்னா சொல்ற? எழுதறியா?" கவிதா தலையாட்டினாள். "சரி. இந்த ஒரு தபாதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிய சார் சாவியை உன் பக்கம் நகர்த்தி வைத்தார். வெளியே வந்ததும் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலையைப் பணயம் வைக்க உனக்குப் பைத்தியமா என்று கேட்டேன். "பயமாத்தான் இருக்குதுமா" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாய்.

அந்தக் கோடையில் வழியைத் தலைகீழாக மாற்றினாய். முதலில் தாள், பென்சில், ஸ்கேல். அளவைத் தானே தீர்மானித்துக் கையால் வரைந்து முடித்தபிறகுதான் கம்ப்யூட்டரைப் போட வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏன் அது அந்த அளவை எடுத்தது, நீ ஏன் இதை எடுத்தாய் என்று கேட்பாய். கவிதா சில நாள் அழுவாள், சில நாள் உன்னோடு சண்டை போடுவாள். "அது எடுத்த அளவைவிட என்னுதுதான் டீச்சர் நல்லா இருக்குது" என்று அவள் ஒருநாள் சொன்னபோது நீ எழுந்து போய் வராந்தாவில் நின்றுகொண்டாய். பெரிய சார் தினமும் வந்து வாசலில் நிற்பார். சற்றுப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

தேர்வு பொன்னேரியில் வேறொரு பள்ளியில் நடந்தது. மூடிய கேட்டுக்கு வெளியே நாம் நின்றோம். மணி அடித்தது. இந்த முறையும் கவிதா கடைசியாகத்தான் வந்தாள், என் உயிர் போய்விட்டது. கிட்டே வந்து, "தாள்லயே அடங்கிச்சி டீச்சர்" என்றாள். நீ நடுரோட்டில் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாய்.

அவள் பாஸானாள். பெரிய சார் அறையை மூடவில்லை. கையால் போடு, பிறகு திரையில் பார் என்று எல்லா வகுப்புக்கும் நீ வைத்த வழியிலேயே அவர் காலம் முடிகிறவரை நடந்தது. பிறகு நீ பழவேற்காட்டுப் பக்கமே பள்ளி மாறிப் போனாய். நோய் வந்தபோது, வந்து பார்க்கக்கூட எங்களுக்கு அவகாசம் கொடுக்காமல் போயும் விட்டாய். அந்த அவசரத்துக்கும் சேர்த்து உன்மேல் எனக்குக் கோபம் உண்டு.

போன வாரம் பெற்றோர் கூட்டம். இலக்கணத்தில் மோசமாக மார்க் வாங்கிய பையனை அவன் அம்மா என் எதிரிலேயே அடிக்கக் கை ஓங்கினாள். "எவ்ளோ நல்லா நடத்துறாங்க மிஸ்ஸு, உனுக்கு இன்னாடா கேடு?" என்றாள். நல்லா நடத்துறாங்களாம்! கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. சும்மா நின்றிருந்தால் என் பெயர் கெடாமல் தப்பியிருக்கும். பக்கத்தில் புதுத் தலைமையாசிரியர், வரிசையில் மற்ற பெற்றோர். நீயாக இருந்தால் பட்டென்று சொல்லியிருப்பாய், எனக்குத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அடிக்காதம்மா. நான் சொல்லிக் குடுத்ததுல ஓட்டை" என்றேன், அக்கா. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.