துணைக்கு வருபவர்

செவ்வாய், இரவு.

இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்தது போதும்.

திங்கட்கிழமை எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். அன்று மாலையே வீடு திரும்பிவிடலாம். ஆனால் துணைக்கு ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். படிவத்தில் தம்பி பெயரை எழுதி, என்னுடைய இன்னொரு போன் எண்ணைக் கொடுத்தேன். நர்ஸ் அங்கேயே அழைத்துப் பார்த்தாள். என் சட்டைப் பையில் மணி அடித்தது.

"இன்னா சார், தம்பிய பாக்கெட்லயே வச்சிக்கினு சுத்தறீங்களா?"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவளே தணிந்த குரலில், "ஆளு இல்லன்னா உள்ள எடுக்க மாட்டாங்க சார். யாரையாவது கூட்டினு வந்துடுங்க" என்றாள்.

தம்பி பக்கத்தில் செவிலிமேட்டில்தான் இருக்கிறான். தன் மகள் கல்யாணப் பத்திரிகையை நேரில் வந்து தட்டில் வைத்துக் கொடுக்காமல், தன் தறியில் கூலிக்கு நெய்கிறவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பியவன். நான் போகவில்லை. ஆறு வருடமாகப் பேச்சில்லை. தப்பு அவனுடையது, இன்றும் அதையேதான் சொல்வேன்.

போன் செய்தால் நான் இறங்கிப் போனதாக ஆகிவிடும். ஓர் அஞ்சலட்டையில் கிழமை, நேரம், மருத்துவமனை, 'துணைக்கு ஆள் தேவை' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். என் பெயர் போடாமலே காலையில் அவனுக்குத் தபாலில் சேர்த்துவிடுவேன். அவன் வராவிட்டால், என் எழுத்து அடையாளம் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம்.